விவாகரத்துக்குப் பின் ஓர் உயில்: உங்கள் சொத்து யார் வாசலுக்குப் போகிறது?

குடும்பநல நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வந்ததும் முதல் வேலையாக ரேஷன் கார்டில் பெயரை நீக்குகிறார்கள். அடுத்து கேஸ் கனெக்‌ஷன், கூட்டு வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் குடும்பக் குழு. கல்யாண ஆல்பத்தைப் பரணில் ஏற்றுகிறார்கள். எல்லாவற்றையும் அறுத்தாயிற்று என்று ஒரு நிம்மதி. ஆனால் கல்யாணமான புதிதில் எழுதிய உயில் ஒன்று பீரோவில் கிடந்தால், அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

“டைவர்ஸ்தான் ஆயிடுச்சே, பழைய உயில் தானா செல்லாமப் போயிருக்கும்ல?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். செல்லாமல் போவதில்லை. உயிலை ரத்து செய்யும் வழிகளை 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. புதிதாக ஓர் உயில் எழுதலாம். உயிலுக்குரிய அதே முறையில் கையெழுத்தும் சாட்சியும் வைத்து, ‘பழையதை ரத்து செய்கிறேன்’ என்று எழுதலாம். ரத்து செய்யும் எண்ணத்தோடு எழுதியவரே கிழிக்கலாம், எரிக்கலாம். விவாகரத்து அந்த வரிசையில் இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அங்கே விவாகரத்தானால், உயிலைப் பொறுத்தவரை முன்னாள் துணை முன்பே இறந்துபோனவர் கணக்கு. நம் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. 2004-ல் மனைவியின் பெயரைப் போட்டு ஒருவர் வீட்டை எழுதி வைத்தார், 2015-ல் விவாகரத்தானது, பத்து வருடம் கழித்து அவர் இறந்தார் என்றால், அந்தப் பெண்மணி அந்தக் காகிதத்தை நீட்டலாம். ‘மனைவி என்ற முறையில்தான் எழுதினார்’ என்று பிள்ளைகள் வாதாடலாம். யார் ஜெயிப்பார்கள் என்பது பிறகு. வழக்கு என்று ஒன்று வந்துவிடும், அதுவும் பெற்ற தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நடுவே.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பிரிவு உயிலைத் தொடாது. சிலருக்கு மறுமணம் தொடும். கிறிஸ்தவர் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால், அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்து. இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது. இஸ்லாமியர்கள் எழுதும் உயிலான வஸிய்யத்துக்குக் கணக்கே வேறு. கடனும் அடக்கச் செலவும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதிக்காமல் எழுத முடியாது. சன்னி வழக்கப்படி ஒரு வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வருவது பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருகிறவர்களைப் பற்றியது. நம் ஊரில் இந்தச் சிக்கலோடு வக்கீல் வீட்டுப் படியேறுகிறவர்களில் அவர்களே அதிகம்.

உயிலே இல்லாவிட்டால்?

ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சமபங்கு. விவாகரத்தானவருக்கு மனைவியின் இடம் காலி. பிள்ளைகள் யாரிடம் வளர்ந்தார்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அம்மாவோடு போய், பதினெட்டு வருடம் அப்பாவை எட்டிப் பார்க்காத மகனுக்கும், அப்பாவோடு இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்த மகளுக்கும் ஒரே அளவு பங்கு. இது நியாயமா என்று பொங்குகிறவர்கள் உண்டு. பத்து வயதில் கோர்ட் சொன்ன வீட்டுக்குப் போன பிள்ளையை அதற்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம் என்று திருப்பிக் கேட்கவும் இடமிருக்கிறது.

பலரும் மறந்துவிடுவது தாயின் பங்கை. அறுபது வயதில் ஒருவர் இறக்கும்போது எண்பத்தைந்து வயதில் அவருடைய அம்மா இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு. பாட்டியும் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், அந்தப் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்காருவார்கள். அப்பா கட்டிய வீட்டை விற்க, பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார்கள் கையெழுத்துக்குப் பேரப்பிள்ளைகள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கும். அதில் ஓர் அத்தை சிங்கப்பூரில் இருப்பார்.

பூர்வீகச் சொத்தைப் பற்றி ஒரு வரி. கூட்டுக்குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். பிள்ளைகளுக்குப் பிறப்பால் வந்த பங்கு விவாகரத்தால் போகாது. மகளுக்கும் அந்த உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே அதைக் கொடுத்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது.

சுற்றி வளைத்து வரும் பங்கு

விவாகரத்தான பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதும், பத்திர எழுத்தர் பெரும்பாலும் சொல்லாததும் இந்தப் பகுதிதான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஓர் ஆசிரியை. விவாகரத்தானபோது மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பன்னிரண்டு. ஜீவனாம்சம் ஒழுங்காக வரவில்லை. டியூஷன் எடுத்து, சீட்டுக் கட்டி, ஸ்ரீரங்கத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றை வாங்கினார். அவர் உயில் எழுதாமல் காலமாகிறார். கணவர் என்று யாரும் இல்லாததால் ஃப்ளாட் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இதுவரை எல்லாம் சரி.

மகனுக்கு முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. ஒரு சாலை விபத்தில் அவனும் போய்விடுகிறான். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தாயும் இல்லை. முதல் வகுப்பு வாரிசு ஒருவரும் இல்லாததால் இரண்டாம் வகுப்பைப் பார்க்க வேண்டும். அதில் முதல் வரியில் தனியாக நிற்பவர் தந்தை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில். ஆக, அந்த ஆசிரியை டியூஷன் காசில் வாங்கிய ஃப்ளாட்டில் பாதி அவருடைய முன்னாள் கணவருக்கு. கூடவே இருந்த அக்காவுக்கு அதில் ஒரு சதுர அடிகூட இல்லை.

மகன் இருக்க, மகள் குழந்தை இல்லாமல் இறந்தால்? அது இன்னும் விநோதம். தாய் அல்லது தந்தை வழியாகப் பெண்ணுக்கு வாரிசு முறையில் வந்த சொத்து, அவளுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால், அவளுடைய ‘தந்தையின் வாரிசுகளுக்கு’ப் போகும் என்கிறது சட்டத்தின் 15-வது பிரிவு. தாய் வழியாக வந்த சொத்துக்கும் இதே விதிதான். தந்தையே இறந்தால் யார் யாருக்குப் போகுமோ அந்தக் கணக்குப்படி பிரிக்க வேண்டும். தம்பிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தந்தை மறுமணம் செய்திருந்தால், அந்த மனைவியும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் பக்கத்திலேயே பங்கு கேட்டு நிற்கலாம்.

அப்பாக்களுக்கும் இதே கதைதான், இன்னும் சுருக்கமான வழியில். அப்பாவின் சொத்தை வாங்கிய மகன் மனைவி, மக்கள் இல்லாமல் இறந்தால், தாய் முதல் வகுப்பு வாரிசு. முன்னாள் மனைவிக்கு முழுவதும் போகும்.

போனால் என்ன என்று கேட்கலாம். பெற்ற பிள்ளையின் சொத்து பெற்றவருக்குப் போவதில் தப்பு ஒன்றுமில்லைதான். நல்லபடியாகப் பிரிந்து, இன்றும் பிள்ளைகளின் பிறந்தநாளில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடி உதைக்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தின் விருப்பத்துக்கு விடுவதா, தன் விருப்பத்தை எழுதி வைப்பதா என்பதை அவர் தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

தாய் உயில் எழுதினால் மட்டும் இது முழுக்கத் தீராது. நம் ஊர் உயில்களில் ‘சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த வரியை எழுதிக் கொடுத்த பிறகு, ‘ஆனால் என் மகன் வாரிசு இல்லாமல் இறந்தால் மகளுக்குச் சேர வேண்டியது’ என்று அடியில் சேர்த்தால், முழு உரிமையாகக் கொடுத்ததைப் பிறகு கட்டிப்போட முடியாது என்று நீதிமன்றம் பின்வரியைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. ஒன்று, ஆரம்பத்திலிருந்தே ஆயுள்கால உரிமையாக எழுத வேண்டும். அதற்கு விவரம் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். அல்லது, மகனும் மகளும் தங்கள் தங்கள் உயிலை எழுத வேண்டும். இரண்டாவதுதான் எளிது. முப்பது வயதுப் பையனிடம் “உயில் எழுதுடா” என்று சொல்ல நமக்கு வாய் வராது, அபசகுனம் என்போம். விவாகரத்தான வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

உங்களுக்கு முன்னாலேயே ஒரு பிள்ளை போய்விட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்றும் ஒரு வரி வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கா, மற்ற பிள்ளைக்கா? இந்த வரி இல்லாத உயில்கள் பத்திர எழுத்தர் மேஜைகளில் தினமும் தயாராகின்றன.

பிரிந்தாயிற்று, தீர்ப்பு மட்டும் இல்லை

“நாங்க பிரிஞ்சு இருபது வருஷமாச்சு” என்பார்கள். எந்தக் கோர்ட், எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, முத்திரைத்தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுச் சீரைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். சில சமூகங்களின் வழக்கப்படியான மணமுறிவை இந்துத் திருமணச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்த முத்திரைத்தாள் வெறும் தாள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் கணவன், மனைவி. ‘நீதிமன்றப் பிரிவு’ என்ற தீர்ப்பு மட்டும் வாங்கியவர்களுக்கும், வழக்கு நடக்கும்போதே இறந்தவர்களுக்கும் இதே நிலைதான். இருபது வருடம் முகம் பாராத மனைவி விதவையாக வந்து பங்கு கேட்கலாம், அது அவர் உரிமை.

இந்த இடைவெளியில் இன்னொரு குடும்பம் அமைந்திருந்தால் பாடு இன்னும் பெரிது. முதல் திருமணம் சட்டப்படி முடியாதபோது செய்த இரண்டாவது திருமணம் செல்லாது. கூட வாழ்ந்த அந்தப் பெண் வாரிசு ஆக மாட்டார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் சொத்துக்கு வாரிசுகளே. கூட்டுக்குடும்பச் சொத்தில் அந்தப் பெற்றோருக்கு வரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கடைசிவரை மருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவருக்கு உயிலைத் தவிர வேறு வழியில்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், மற்ற யாரையும்விட இந்த நிலையில் இருப்பவர்தான் முதலில் பேனாவை எடுக்க வேண்டும்.

முறையாகத் தீர்ப்பு வாங்கியவர்கள் அதன் சான்றிட்ட நகலைக் கூடுதலாக ஒன்றிரண்டு எடுத்து உயிலோடு வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், தாசில்தார் அலுவலகத்தில் கேட்பார்கள்: “அம்மா பேரு ஏன் விட்டிருக்கு? டைவர்ஸ் காப்பி எங்க?” அந்த நேரத்தில் எந்த ஊர் நீதிமன்றம், எந்த வருடம் என்றுகூடப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருக்க எந்தப் பெற்றோரும் விட்டதில்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ‘வீடு மனைவிக்கு’ என்று ஒப்பந்தம் போட்டு, அதன்பின் பத்திரம் பதியாமல் விட்டவர்களும் உண்டு. வங்கிக் கடன் பாக்கி, நேரமில்லை, முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காரணம் எதுவானாலும் பத்திரத்தில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கும். அந்த வீட்டை முழுதாகத் தன்னுடையது என்று உயிலில் எழுதிப் பயனில்லை. முதலில் பதிவு, பிறகு உயில்.

மறுமணம் செய்தவர்களுக்கு

ஐம்பதுகளில் மறுமணம் இப்போது அதிசயமில்லை. வளர்ந்த பிள்ளைகளே முன்னின்று நடத்தி வைப்பதும் நடக்கிறது. கல்யாணத்தன்று எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் இருப்பார்கள். வீட்டைப் பற்றிப் பேச அன்றைக்கு யாருக்கும் துணிச்சல் வராது.

கோவையில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மணந்துகொண்டவர் கணவரை இழந்தவர், அவருக்கு ஒரு மகன். தாயும் இல்லாத நிலையில், உயில் இல்லாமல் இவர் இறந்தால் சுயசம்பாத்திய வீடு மூன்று பங்காகும்: மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. பிறகு அந்த மனைவியும் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய பங்கு அவர் மகனுக்குப் போகும். கணவர் வழியில் வந்த சொத்து கணவர் வாரிசுகளுக்கே திரும்பும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் மட்டும்தான். முந்தைய திருமணத்துப் பிள்ளையும் சொந்தப் பிள்ளையே. இவர் அந்தப் பையனையும் மகனாக நினைத்துப் பங்கு கொடுக்க விரும்பினால், அதையும் எழுதியே ஆக வேண்டும். மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் சொத்துக்கு அந்த உறவில் வரும் பிள்ளை நேர் வாரிசு கிடையாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் சட்டம் ரத்தம், தத்து, தாலி மூன்றைத்தான் பார்க்கும்.

‘என் மனைவி ஆயுள் பரியந்தம் அந்த வீட்டில் குடியிருந்து, அவர் காலத்துக்குப் பின் என் பிள்ளைகளுக்கு’ என்று எழுதுவதுதான் வழக்கமான தீர்வு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகப் பெண்ணுக்குக் கொடுத்த சொத்து, ஆயுள்கால உரிமை என்று எழுதியிருந்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி முழு உரிமையாகிவிடும் என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பாக வந்த தீர்ப்பு அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயிலில் ‘என் மனைவியின் ஜீவனத்துக்காக இந்த வீட்டை’ என்று யோசிக்காமல் எழுதிவிட்டால், பிள்ளைகளுக்கு என்று எழுதிய அடுத்த வரி நிற்குமா என்பது வழக்காகிவிடும். மனைவியின் செலவுக்கு வங்கி வைப்புத்தொகை, வேறு ஒரு சிறு சொத்து என்று தனியாக, முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு, வீட்டில் குடியிருக்கும் உரிமையை மட்டும் வேறு வரியில் எழுதுவது நல்லது என்பது என் எண்ணம். எவ்வளவு என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். போதாமல் கொடுக்கப்பட்ட மனைவியும், வீட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் ஒரே கூரைக்கு உரிமைக்காரர்களாக இருப்பது இரண்டு பேருக்கும் நரகம்.

நாமினி என்பவர் யார்?

நாமினி போட்டுவிட்டால் உயில் வேண்டாம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. நாமினி, பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டிய ஆள் என்று 1983-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் அதுவேதான் என்று 2023 டிசம்பரில் மறுபடி சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ன் திருத்தம் ஒரு மாற்றம் செய்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். மனைவியாக இருந்தபோது போட்ட நாமினி விவாகரத்துக்குப் பின்னும் ‘மனைவி’தானா? இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைகள் கோர்ட்டில் போய்க் கேட்க வேண்டாம். கிளைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பினால் முடிந்தது.

வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடும் வசதி 2025 நவம்பர் முதல் வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் சதவீதம் பிரித்தே எழுதலாம். உயிலில் ஒரு கணக்கு, நாமினியில் வேறு கணக்கு என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள். வருங்கால வைப்பு நிதியில் நாமினேஷனுக்குத் தனி விதிகள் உண்டு. திருமணம், மறுமணம், பிரிவு எது நடந்தாலும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதவே முடியாது. அது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தல்ல, விதிப்படி யாருக்கோ அவருக்குத்தான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

எழுதும்போது

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர் கடையில் உயிலுக்கு ஒரு ‘மாடல்’ தயாராக இருக்கும். ‘நான் நல்ல திடகாத்திரத்துடனும் சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலுமின்றி, என் முழு மனச்சம்மதத்தில்’ என்று ஆரம்பிக்கும். பெயர், சர்வே எண், நான்கெல்லை மட்டும் மாறும். விவாகரத்தானவர் கேட்டுச் சேர்க்க வேண்டிய வரிகள் அந்த மாடலில் பெரும்பாலும் இருக்காது. இன்ன நீதிமன்றம், இன்ன வழக்கு எண், இன்ன தேதியில் விவாகரத்தானது என்ற விவரம். எல்லாப் பிள்ளைகளின் பெயரும், எதுவும் எழுதாத பிள்ளையின் பெயர் உட்பட. ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தும் இதனால் ரத்து’ என்ற அறிவிப்பு. மூன்றாவது வரியை மாடலில் இருந்தாலும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு அதிகம் கொடுக்கலாம், ஒருவருக்குக் கொடுக்காமலும் விடலாம். சுயசம்பாத்தியத்தில் அதற்குத் தடையில்லை. சந்தேகம் எங்கே கிளம்புகிறது என்பதை 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இன்றும் உயில் வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் எடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான். உயிலால் பெரும் பயன் அடைகிறவரே அதை எழுத வைப்பதில் முன்னால் நின்றிருந்தால் நீதிமன்றம் புருவத்தை உயர்த்தும். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகள்தான் காரில் கூட்டிப் போவாள், அவள் கணவர்தான் பத்திர எழுத்தரிடம் பேசுவார், அவர் நண்பர்தான் சாட்சி. நல்ல மனதோடு செய்ததுதான். நாளை அம்மா வீட்டில் வளர்ந்த மகன் வழக்குப் போட்டால், ஒவ்வொன்றும் குறுக்குவிசாரணையில் கேள்வியாகும். அந்த மகளைக் காப்பாற்ற வேண்டுமானால் அன்று அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் போங்கள்.

சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் இருப்பவர்களாக இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் குறைந்தது ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வயது எழுபதைத் தாண்டியிருந்தால் அன்றைய தேதியில் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்த மருத்துவரே சாட்சியாக வந்தால் இன்னும் நல்லது.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதியுங்கள் என்பேன். பதிந்த உயில் வில்லங்கச் சான்றிதழில் வராது. நீங்கள் உயிருடன் இருக்கும்வரை மற்றவருக்கு நகல் கொடுக்கவும் மாட்டார்கள். ‘பதிந்தால் முன்னாள் மாமனார் வீட்டுக்குத் தெரிந்துவிடும்’ என்ற பயம் தேவையில்லை. ப்ரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, அதைப் பற்றி ஒரு சொல்: சென்னை மாநகரச் சொத்துகளுக்கு உயர் நீதிமன்றத்தில் அதை வாங்கியே தீர வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த கட்டாயத்தை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தால் எடுத்துவிட்டது. இனி கைச்செலவும் காத்திருப்பும் குறையும்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரை நியமிக்கும்போது, இரு பக்கப் பிள்ளைகளும் போன் எடுத்துப் பேசக்கூடிய ஆளாகப் பாருங்கள். மூத்த மகன் என்பது மட்டும் தகுதியல்ல.

காரணம் எழுதலாமா? எழுதலாம், இரண்டு வரியில். ‘மகனின் மருத்துவப் படிப்புக்கு ஏற்கெனவே இவ்வளவு கொடுத்தேன், அதனால் வீடு மகளுக்கு.’ போதும். ‘இவர்கள் அம்மா என் வாழ்க்கையைச் சீரழித்தாள்’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கப்போகிறவர் முன்னாள் மனைவி அல்ல, அவர் பெற்ற பிள்ளைகள். காரியம் முடிந்த வாரத்தில், உறவினர் சூழ. குடும்பநல நீதிமன்றத்தில் சொல்லித் தீராத புகார்களுக்கு உயில் மேல்முறையீடு அல்ல.

எழுதியதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதா, மறைப்பதா? சொல்லுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளுக்கே பங்கில் மனக்கசப்பு வரும். இரண்டு வீட்டில் வளர்ந்து, தீபாவளிக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அண்ணன் தங்கைக்கு நடுவே, நீங்கள் இல்லாத நாளில் ஒரு காகிதம் திடீரென்று வந்து விழக்கூடாது. தொகை சொல்ல வேண்டாம். யாருக்கு எது, ஏன் என்று மட்டும் சொன்னால் போதும். கோபப்படுகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்தே கோபப்படட்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தமிழில், உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். மனம் மாறினால் அடுத்த வருடம் மாற்றலாம். தவறாமல் வேண்டியது இரண்டு சாட்சிகள். யார் அந்த இரண்டு பேர் என்று யோசித்து, இந்த வாரமே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.